பாலத்தில் பேசக்கூடாது

வில்லோ ஃபோர்க், நெப்ராஸ்கா
நவம்பர் 2, 1994

வெர்லின்,

நலமா என்று முதல் வரியில் ஒப்புக்குக் கேட்பது வழக்கம். நான் இந்தக் கடிதம் முழுக்க அதைத்தான் கேட்கப்போகிறேன். போனை எடுக்கிறாய், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். மார்லிஸ் எடுத்தால், "அவரு கொட்டகையில இருக்காரு, லியோனா" என்கிறாள். பின்னால் நீ இருமுவது எனக்குக் கேட்கிறது. ஒரே ஊரில் இருந்துகொண்டு தபால்தலை ஒட்டுவது கேவலம்தான். வேறு வழி வைத்தாயா நீ?

சனிக்கிழமை நடந்ததை உன் இஷ்டத்துக்கு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாய். என் தீவனக் கடைக்கு வருகிறவர்கள் மூட்டையில் கை வைப்பதற்கு முன்பே, "என்ன லியோனா, பாலத்துல வாயத் தொறந்துட்டியாமே?" என்று கேட்கிறார்கள். நம் காலேஜ் தோற்றதற்கு நான்தான் காரணமாம். மைதானத்தில் ஓடிய பதினோரு தடியன்களுக்கும் அதில் பங்கே இல்லை.

நான் பார்த்ததை இப்போது கேள். சூ சிட்டியில் மிசூரி ஆற்றுப் பாலம் ஏறினோம். வழக்கம்போல நாலு பேரும் வாயை மூடினோம். படிக்கிற காலத்திலிருந்து நமக்கு அதுதான் சட்டம்: வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போது ஆற்றைத் தாண்டும்வரை யாரும் பேசக்கூடாது, பேசினால் நம் பசங்க தோற்பார்கள். நீ ஓட்டினாய், நான் பக்கத்தில். ஆரினும் டெல்மரும் பின்னால், மார்லிஸ் சுட்டுக் கொடுத்த முட்டைக்கோஸ் ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு. பளிச்சென்று வெயில். பாலத்தின் நடுவில் நம் வேன், நம் கிழட்டு எருமை, வலது பக்கமாக நகரத் தொடங்கியது. இதோ திருப்பிவிடுவாய் என்று பார்த்தேன். நீ திருப்பவில்லை. உன் முகத்தைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. கை ஸ்டியரிங்கில் இருந்தது. வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது, உள்ளே ஒன்றுமில்லாமல். நீ அங்கே இல்லை, வெர்லின்.

பக்கக் கண்ணாடி கைப்பிடிச் சுவரில் உரசி ஒடிந்தது. அப்போதுதான் கத்தினேன், ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன். அதற்குப் பிறகுதான் நீ திரும்பி வந்தாய். வந்த உடனே, "ஏய், பைத்தியமாடி உனக்கு? கைய எடு!" என்று என் மேல் பாய்ந்தாய்.

ஆட்டம் முடிந்து துலூத்தில் உன் வண்டியில் ஏற மறுத்து நான் தனியாகப் பஸ் பிடித்து வந்தது கோபத்தால் அல்ல. பயத்தால்.

நீ வருஷத்துக்கு ஒருமுறை வேன் ஓட்டுகிறவனாக மட்டும் இருந்தால் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். நீ தினமும் காலையில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறாய். டாக்டரைப் பார். பார்க்கும்வரை அந்தப் பஸ்ஸில் ஏறாதே.

லியோனா


நவம்பர் 5

லியோனா மகாராணிக்கு,

ஆமாம், போனை வைத்தேன். இன்னும் வைப்பேன். தோற்று வந்த வாரத்தில் தோற்கடித்தவளோடு பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

நடந்தது என்ன என்று ஓட்டியவனிடம் கேள். பாலத்தில் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று நீ பேய் பிடித்தவள் மாதிரி அலறிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாய். வண்டி சுவரில் உரசியது. கண்ணாடி போச்சு. நீ பிடித்ததால் உரசியதா, உரசியதால் பிடித்தாயா? ஆரினைக் கேட்டேன், டெல்மரையும் கேட்டேன். "நாங்க ஒண்ணும் கவனிக்கலப்பா" என்கிறார்கள் இரண்டு பேரும். உனக்கு மட்டும் ஞானக்கண்ணா?

கடைசி உதை கம்பத்தில் பட்டு வெளியே விழுந்தது. கம்பத்தில் பட்டு, லியோனா! ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தால் ஜெயித்திருப்போம். அந்த ஒரு சாணை நீ பாலத்தில் விட்டுவிட்டு வந்தாய். நான் ஓட்டி இதுவரை வெளியூரில் தோற்றதுண்டா? என் முதுகு பிடித்துக்கொண்டு டெல்மர் ஓட்டிய அந்த ஒரு வருஷம் என்ன ஆயிற்று? மானம் கப்பலேறியது. அதற்கப்புறம் "நீதான் ஓட்டணும், வேற யாரும் தொடக்கூடாது" என்று என் கையில் சாவியைத் திணித்தது யார்? நீ.

என் பஸ் பசங்களுக்கு இருக்கிற அறிவுகூட உனக்கு இல்லை. ஆட்டம் உள்ள வாரம் என்றால் பிளம் ஓடைப் பாலத்தில் என் பஸ்ஸில் ஊசி விழுந்தால் கேட்கும். நான் சொல்லிக் கொடுத்தது. இப்போது ஆட்டம் இருக்கோ இல்லையோ, தினமும் செய்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு வாண்டுகூடக் கையால் வாயைப் பொத்திக்கொள்ளும். பெரியவள், உன்னால் முடியவில்லை.

எனக்கு ஒன்றுமில்லை. மன்னிப்புக் கேட்பதானால் மட்டும் எழுது.

வெர்லின்


நவம்பர் 9

வெர்லின்,

மன்னிப்பா? வரிசையில் நில்.

ஆரின் நேற்று கோழித் தீவனம் வாங்க வந்தான். கடையில் வேறு யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு நேராகக் கேட்டேன். நெடுநேரம் மூட்டையின் தையலைப் பிய்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் சொன்னான்:

"பாத்தேன் லியோனா. வண்டி சாயறதப் பாத்தேன். டெல்மரும் பாத்தான், என் தொடையப் புடிச்சிக்கிட்டான்."

"அப்ப ஏன்டா கத்தல?"

"பாலத்துல பேசக்கூடாதுல்ல?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு. இரண்டு ஆண்பிள்ளைகள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், ஆற்றுக்குள் விழப்போகும் வண்டியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு பந்து ஒழுங்காகப் போகவேண்டும் என்பதற்காக. உன்னிடம் ஏன் பொய் சொன்னான் என்று அவனையே கேட்டேன். "அவன் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?" என்றான்.

இன்னொன்றும் சொல்கிறேன். அன்று காலை நார்ஃபோக்கில் காபிக்கு நிறுத்தினோம். நீ ஊற்றினாய். கோப்பை நிரம்பி, தட்டு நிரம்பி, உன் சட்டைக் கை வழியாக மேசையில் ஓடியது. நீ ஊற்றிக்கொண்டே இருந்தாய். தூக்கக் கலக்கம் என்று நான் நினைத்தேன். அங்கேயே சாவியை வாங்கியிருக்க வேண்டும். வாங்கியிருந்தால் தோற்றுவிடுவோம் என்று எனக்கும் ஒரு மூலையில் இருந்தது. பார்த்தாயா, நானும் அதே மந்தைதான்.

அடுத்த புதன்கிழமைக்குள் நீ டாக்டரிடம் போகாவிட்டால் நான் பள்ளிக்கூட மேலதிகாரி ரோலண்ட் ஃபைட்டிடம் போவேன். மிரட்டல்தான். வேறு என்ன பெயர் வைத்தாலும் சரி.

லியோனா


நவம்பர் 12

லியோனா,

இந்தக் கடிதத்தில் கேலி இல்லை.

நீ ஃபைட்டிடம் வாயைத் திறந்தால் என் ஓட்டுநர் உரிமம் போகும். உரிமம் போனால் வேலை போகும். வேலை போனால் பள்ளிக்கூடம் தருகிற மருத்துவக் காப்பீடு போகும். என்னுடையது போகட்டும். அதில் மார்லிஸும் இருக்கிறாள்.

அவளுக்கு மார்பில் புற்று வந்து அறுவை சிகிச்சை நடந்தது உனக்குத் தெரியும். அது திரும்பி வந்திருப்பது தெரியாது. யாருக்கும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். வாரா வாரம் ஒமாஹாவுக்குக் கூட்டிப்போகிறேன். மருந்து ஏற்றி முடித்து வெளியே வரும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். அந்த மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆரின் என்ன சொன்னான் என்பது எனக்கு வேண்டாம். உனக்கு ஆரின் சாட்சி, எனக்கு மார்லிஸ். புதன்கிழமை போய்ச் சொல். சொல்லிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்து அவளிடமும் சொல், "உன் மருந்தை நிறுத்திட்டு வந்தேன்" என்று. கண்ணைப் பார்த்துச் சொல்.

அப்புறம் நீ யாரோ, நான் யாரோ.

வெ. குசேரா


நவம்பர் 17

வெர்லின்,

மார்லிஸைப் பற்றிப் படித்துவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு அழுதேன். உன் மேல் கோபமாகவும் இருந்தது. இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லையே என்று.

புதன்கிழமை ஃபைட்டின் அறைக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். "சொல்லு லியோனா, என்ன விஷயம்?" என்றார். என் வாயில் வந்தது இதுதான்: "பள்ளிக்கூடத் தோட்டத்துக்கு உரம் வேணுமான்னு கேக்க வந்தேன்."

"நவம்பர்லயா?" என்றார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். அவர் ஜன்னல் வழியாக என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரில் ஏறினேன். அந்த நேரம் பார்த்து உன் மஞ்சள் பஸ் உள்ளே வந்து நின்றது. குழந்தைகள் ஒவ்வொன்றாக இறங்கின. நீ ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏதோ கிண்டல் செய்தாய். ஒருத்தியின் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டாய். அந்தப் பஸ் எனக்கு எருமை மாதிரித் தெரிந்தது, வெர்லின். பாலத்தின் நடுவில் சாய்ந்த எருமை.

மார்லிஸையும் என்னால் விட முடியாது, அந்தக் குழந்தைகளையும் விட முடியாது. நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். உனக்கு உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடு. ஒமாஹாவுக்கு மார்லிஸைக் கூட்டிப்போகும்போது அங்கேயே உன்னையும் காட்டு. யாருக்கும் தெரியவேண்டாம்.

அதுவரை ஒன்று செய்வேன். நாளையிலிருந்து காலையில் உன் பஸ்ஸுக்குப் பின்னால் என் காரில் வருவேன். வளைந்தால் ஹாரன் அடிப்பேன். அதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

லியோனா


நவம்பர் 22

லியோனா,

நீ பின்னால் வருவதற்குப் பசங்க பெயர் வைத்தாயிற்று: தீவனப் பேய். பின் சீட்டில் முட்டி போட்டு நின்று உனக்குக் கையாட்டுகிறார்கள். நீயும் ஆட்டுகிறாயாம். முன்னால் பார்த்து ஓட்டு, முதலில் நீ விபத்து பண்ணித் தொலைக்காதே.

ஊரில் கேட்கிறார்கள், "என்ன வெர்லின், லியோனா உன் பின்னாடியே சுத்தறா?" என்று. மார்லிஸிடமும் ஒருத்தி கேட்டாளாம். "முப்பது வருஷம் முன்னாடி சுத்தியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்றாளாம் மார்லிஸ். வெகுநாளைக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்த்தேன். அதற்காக வேண்டுமானால் இன்னும் நாலு நாள் சுற்றிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை சீட்டாட்டத்தில் ஆரினிடம் மறுபடி கேட்டேன். எல்லோர் எதிரிலும் சத்தமாக. அவன் சீட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. டெல்மர் கழிப்பறைக்குப் போனவன் ஆட்டம் முடியும்வரை வரவில்லை.

நார்ஃபோக்கில் காபி வழிந்தது என்று எழுதியிருந்தாய். சட்டைக் கை ஈரமாக இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. எப்படி ஈரமானது என்று நினைவில்லை. இந்த வரியை எழுதிவிட்டு அடித்துவிடலாம் என்று பார்த்தேன். கிடக்கட்டும்.

ஒன்றுமில்லை எனக்கு. வயசு, அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அப்புறம் பார்க்கலாம்.

வெர்லின்


நவம்பர் 27

வெர்லின்,

அந்த ஈரச் சட்டைக் கைக்காக உன் வசவு அத்தனையையும் மன்னித்தேன்.

கிறிஸ்துமஸ்வரை முடியாது. ஒமாஹாவில் மூளை டாக்டரிடம் உன் பெயரில் நேரம் வாங்கிவிட்டேன், டிசம்பர் ஆறாம் தேதி. மார்லிஸுக்கு மருந்து ஏற்றும் அதே நாள், அதே கட்டடம். அவளிடம் நான் சொல்லவில்லை, நீ சொல். நடுவில் இருப்பது ஒரே ஒரு பள்ளிக்கூட வாரம். அந்த வாரம் மட்டும் விடுப்பு எடு. காலில் விழச் சொன்னால் விழுகிறேன்.

லியோனா


டிசம்பர் 2

லியோனா,

வெளியே நடந்தது உனக்குத் தெரியும். நீ பார்த்துக்கொண்டிருந்தாய். உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. அதை உனக்கு எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நான் விடுப்பு எடுக்கவில்லை. ஆறாம் தேதி போகிறேனே, அதற்குள் என்ன வந்துவிடும் என்று ஏறிவிட்டேன். நேற்று காலை பிளம் ஓடைப் பக்கம் திரும்பினேன். ஜோலீன், ஒன்றாம் வகுப்பு, நான் குல்லாவை இழுத்துவிட்டேன் என்றாயே, அவள், என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பல் விழுந்த கதை சொல்லிக்கொண்டிருந்தாள். பாலத்தின் பெயர்ப்பலகை தெரிந்தது. அவள் கதையை நிறுத்தினாள். அதுவரை எனக்குத் தெரியும்.

அப்புறம் எங்கேயோ ஹாரன் கேட்டது. நீண்ட ஹாரன். யாரடா இவன் என்று எரிச்சலாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். முன்னால் சாலை இல்லை. அறுவடை முடிந்த சோளக் கட்டை, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. பஸ் வயலுக்குள் நின்றுகொண்டிருந்தது. பாலம் எங்கே என்று கண்ணாடியில் தேடினேன். எனக்குப் பின்னால் இருந்தது. அதைத் தாண்டியது யார், லியோனா? நான் தாண்டவில்லை. சத்தியமாக நான் தாண்டவில்லை.

அந்தக் கண்ணாடியிலேயே பஸ்ஸின் உள்ளே பார்த்தேன்.

ஒருத்தரும் கத்தவில்லை. ஒருத்தரும் அழவில்லை. பஸ் பாலத்தில் கோணலாக ஓடி, கரையில் இறங்கி, வயலில் குதித்துக் குதித்துப் போயிருக்கிறது. பைகள் எல்லாம் தரையில் கிடந்தன. ஒரு பையனுக்கு மூக்கில் ரத்தம். அத்தனை பேரும், மீசை முளைத்த பெரிய பையன்கள்கூட, கையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லிக் கொடுத்தபடி.

ஜோலீன் கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குகிற மாதிரி. இன்னொரு கை வாயின் மேல். விரல் இடுக்கு வழியாகக் கேட்டாள்:

"மிஸ்டர் வெர்லின், பாலம் முடிஞ்சிடுச்சா? இப்பப் பேசலாமா?"

"பேசலாம் கண்ணு. பேசுங்க. எல்லாரும் பேசுங்க" என்றேன். அதற்கப்புறம்தான் அழுதார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில். அப்போதுதான் நீ கதவைத் தட்டினாய்.

அந்த மூச்சுமுட்டுகிற அமைதியை நான்தான் அவர்களுக்குக் கொடுத்தேன். ஒரு பந்துக்காக. ஆரினும் டெல்மரும் எனக்குக் கொடுத்ததும் அதையேதான். நீ ஒருத்திதான் கத்தினாய், உன்னை நான் ஊர் முழுக்க நாறடித்தேன்.

நேற்று உன் காரில்தான் என்னைக் கூட்டிவந்தாய். ஃபைட்டின் வாசலில் இறக்கிவிட்டு, "நான் வரட்டுமா?" என்று மட்டும் கேட்டாய். நான் தனியாகப் போனேன். சாவியை மேசையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், எருமையில் நடந்தது உட்பட. அவர் கத்துவார் என்று நினைத்தேன். சாவியை எடுத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். கோடை விடுமுறைவரை பஸ் கொட்டகையில் டயர் மாற்றும் வேலை தருகிறாராம். அதுவரை காப்பீடு இருக்கும். அப்புறம் என்ன என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மார்லிஸிடம் சொன்னபோது அவள் முதலில் என்னை அறைந்தாள். அப்புறம் கட்டிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை ஒமாஹாவுக்கு எங்கள் இரண்டு பேரையும் யாராவது கூட்டிப்போக வேண்டும். உன்னிடம் கேட்க எனக்கு முகம் இல்லை. கேட்கிறேன்.

வெர்லின்


அக்டோபர் 18, 1995

வெர்லின்,

போனில் சொன்னால் நீ சிரித்து மழுப்புவாய். அதனால் மறுபடியும் தபால்தலை.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு எருமையை நான் ஓட்டுகிறேன். முடிவு செய்தாயிற்று. "நாம தோக்கறது உறுதி" என்று டெல்மர் இப்போதே துக்கம் கொண்டாடுகிறான். தோற்கட்டும். மார்லிஸும் வருகிறாள். மே மாதத்தோடு அவள் மருந்து முடிந்ததே, அதற்கு நான் செய்யாத வேண்டுதல் இல்லை. பின் சீட்டில் அவளுக்குத் தலையணை வைத்திருக்கிறேன். ஆரினை நடுவில் நசுக்கிக்கொள்ளலாம்.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்தபின் அந்த வலிப்பு ஒருமுறைகூட வரவில்லை என்று பெருமையடித்துக்கொள்கிறாய். சந்தோஷம். ஆனால் மார்லிஸ் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆகஸ்டில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டாயாமே. என்னிடம் ஏன் மறைத்தாய் என்று சண்டை போட வரவில்லை. ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

சூ சிட்டியில் அதே பாலம் வரும். ஆரின் வாயைப் பொத்திக்கொள்வான், அவனைத் திருத்த முடியாது. நீ என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். எதை வேண்டுமானாலும் பேசு. என் ஓட்டும் லட்சணத்தைத் திட்டு, போன வருஷக் கம்பத்தைப் பற்றிப் புலம்பு, ஜோலீனின் பல் கதையைச் சொல். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் உன் வாய் ஓயக்கூடாது.

நீ பேச்சை நிறுத்தினால் எனக்கு அந்த நொடியே தெரிய வேண்டும்.

லியோனா